ஒரே தண்ணீர், இரண்டு அறை: கல்லடியில் ஒரு கலப்பு ஆமைத் தொட்டி

செங்காது ஆமைகள் இரண்டு, மஞ்சள் வயிற்று ஆமை ஒன்று, சீன மென்னோட்டு ஆமை ஒன்று என நான்கும் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வளவிலுள்ள ஒரே சீமெந்துத் தொட்டியில், வறண்ட காற்று வீசும் ஒரு கச்சான் காலத்தையும் ஒரு மாரியையும் காயமின்றிக் கடந்திருக்கின்றன. தண்ணீரில் நாற்றம் இல்லை. மென்னோட்டு ஆமையின் எடை ஏறியிருக்கிறது. இவ்வளவுக்கும் காரணம் அவை ஒன்றோடொன்று பழகிவிட்டதல்ல. தண்ணீரை ஒன்றாகவும் இடத்தை இரண்டாகவும் பிரித்ததுதான். அந்தப் பிரிப்பை எப்படிச் செய்தோம், எந்த அளவுகள் பொருந்தின, எவை பொருந்தவில்லை, எவ்வளவு செலவானது என்பவற்றை வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலில் ஆமைகளைப் பற்றி. கொழும்பிலிருந்து வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த உறவினர் ஒருவர் இவற்றை எங்களிடம் விட்டுச் சென்றார். பெண் செங்காது ஆமையின் ஓடு அப்போது 19 செ.மீ. நீளம், ஆண் 14, மஞ்சள் வயிற்று ஆமை 12, மென்னோட்டு ஆமை 15 செ.மீ. செங்காதும் மஞ்சள் வயிறும் பார்வைக்கு வேறாகத் தெரிந்தாலும் ஒரே இனத்தின் இரு கிளையினங்கள். இரண்டும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒரே வகையான ஆழம், ஒரே வகையான வெயில், ஒரே வகையான உணவு கேட்பவை. எனவே அந்த மூன்றையும் சேர்த்து வைப்பது உண்மையில் கலப்பு வளர்ப்பே அல்ல. சிக்கல் முழுவதும் நான்காவதில்தான் இருந்தது. மென்னோட்டு ஆமைக்கு முதுகில் கடினமான தகடுகள் கிடையாது; தோல் போர்த்த தட்டையான ஓடு. அது மணலுக்குள் புதைந்து, குழாய் போன்ற மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்க விரும்பும். மற்ற மூன்றும் நீந்தித் திரிந்துவிட்டு மேட்டில் ஏறி வெயில் காய்பவை. அடியில் கிடப்பதற்கும் மேலே திரிபவற்றுக்கும் ஒரே அறையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை முதல் தொட்டி காட்டிவிட்டது.

உறவினர் கொடுத்த கண்ணாடித் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்டது. விளிம்புவரை நிரப்பினால்கூட 190 லீற்றர்தான் பிடிக்கும். ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 38 லீற்றர் என்பது ஆமை வளர்ப்போர் பின்பற்றும் பொதுவான கணக்கு. நான்கின் ஓடுகளையும் கூட்டினால் 60 செ.மீ., அதாவது சுமார் 23.6 அங்குலம். அந்தக் கணக்கின்படி 900 லீற்றர் தேவை. தற்காலிகம்தானே என்று முன்விறாந்தையின் யன்னலோரத்தில் அந்தத் தொட்டியை வைத்திருந்தோம். யன்னல் கண்ணாடி வழியாக வெளிச்சமும் சூடும் வருமே தவிர, ஓடு உறுதிப்படத் தேவையான புற ஊதாக் கதிர் வராது. ஆகையால் வெயில் விழுந்த இடத்தில் அவை மணிக்கணக்காகக் காய்ந்தும் அதனால் பெரிய பயன் இருக்கவில்லை.

அங்கே மூன்று வகைத் தொல்லைகள் தொடங்கின. ஆண் செங்காது தன் நீண்ட முன்கால் நகங்களை மஞ்சள் வயிற்று ஆமையின் முகத்தருகே படபடவென்று ஆட்டிக்கொண்டே இருக்கும். இது இணை தேடும் செயல், ஆனால் ஒதுங்கிப் போக இடமில்லாத தொட்டியில் அந்தச் சிறிய ஆமை உணவு எடுப்பதையே குறைத்துவிட்டது. இரண்டாவது, பெண் செங்காது மென்னோட்டு ஆமையின் ஓட்டு விளிம்பைக் கடித்தது. அந்த விளிம்பு நீரில் அசையும்போது உணவென்று நினைத்ததா, துரத்த நினைத்ததா தெரியாது. விளிம்பில் மிளகளவு சிவந்த புண் மட்டும் தெரிந்தது. மென்னோட்டு ஆமையையும் அப்பாவி என்று எண்ண வேண்டியதில்லை. அதன் கழுத்து எதிர்பார்க்காத தூரத்துக்கு நீளும். ஆண் செங்காதின் பின்காலில் பதிந்த கடி அதனுடையதுதான். மூன்றாவது தொல்லை மெதுவாகவே தெரியவந்தது. மீன் துண்டுகளை மேலே நீந்துபவை பிடித்துவிடுவதால் அடியில் கிடப்பதற்கு எதுவும் போய்ச் சேரவில்லை. சமையலறைத் தராசில் 460 கிராம் இருந்த மென்னோட்டு ஆமை 410 கிராமுக்கு இறங்கியிருந்தது. எடை பார்க்காமல் இருந்திருந்தால் கண்ணால் இது பிடிபட்டிருக்காது, ஏனென்றால் அதன் உடலமைப்பே தட்டை.

புண் கண்டவுடன் அதைத் தனியே ஒரு அகன்ற பிளாஸ்ரிக் பேசினுக்கு மாற்றினோம். கடின ஓடுள்ள ஆமைக்குக் காயம் பட்டால் மருந்து தடவி நாளில் சில மணிநேரம் உலர்வாக வைப்பது வழக்கம். மென்னோட்டு ஆமையை அப்படி நீண்ட நேரம் உலர வைக்கக்கூடாது. தோல் வழியாக ஈரம் விரைவாகப் போய்விடும். இந்த இனம் தன் யூரியாவின் பெரும்பகுதியைச் சிறுநீரில் அல்லாமல் வாய் வழியாகத் தண்ணீரில் கழிக்கிறது என்று 2012இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வாயை அமிழ்த்தத் தண்ணீர் இருப்பது அதற்கு அவ்வளவு முக்கியம். கால்நடை வைத்தியரின் சொற்படி நீர்த்த பொவிடோன் அயடினைப் பஞ்சால் தொட்டு வைத்து, சற்று நேரம் விட்டு, மறுபடி ஆழமற்ற சுத்தமான நீரில் விட்டோம். நீரைத் தினமும் மாற்றினோம். புண் ஆறியது. ஆறியதை மறுபடி அந்த மூன்றின் நடுவில் கொண்டுபோய்ப் போடுவதில் பொருள் இல்லை என்பதால் சீமெந்துத் தொட்டிக்குக் கயிறு பிடித்தோம்.

வளவில் கிணற்றுக்கும் மதிலுக்கும் இடையில், காலை வெயில் நன்றாக விழுந்து பிற்பகலில் முருங்கையின் நிழல் படும் இடத்தைத் தெரிவுசெய்தோம். தொட்டியின் உள்ளளவு 2.4 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம். சுவர் நாலங்குலச் சீமெந்துக் கல்லில் நான்கு வரி, உயரம் சுமார் 80 செ.மீ. மாரியில் எங்கள் வளவில் தண்ணீர் நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். ஆகவே தொட்டியின் தளத்தையே நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்திக் கொங்கிரீட் போடச் சொன்னேன். மேசன் அளவுத் தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஆமைக்கா, இல்ல ஆள் குளிக்கவா?” என்று கேட்டார். உட்பக்கம் சுவரின் மேல் விளிம்பில் 10 செ.மீ. அகலத்தில் ஒரு தட்டு உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றபோது அவருடைய சந்தேகம் இன்னும் கூடியது. செங்காது ஆமை மூலையில் நகத்தை ஊன்றி ஏறக்கூடியது. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்கவும் செய்யும். அந்தத் தட்டு இல்லையென்றால் ஒரு மழை இரவில் அது வாவிக்குப் போய்விடலாம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. வளர்க்க முடியாமல் குளத்தில் விடுவதும், தவறித் தப்ப விடுவதும் விளைவில் ஒன்றே.

நடுச்சுவர்தான் இந்த வேலையின் உயிர். 2.4 மீற்றரில் 1.5 மீற்றரை நீந்தும் மூன்றுக்கும், 80 செ.மீ.யை மென்னோட்டு ஆமைக்கும் ஒதுக்கி, மிகுதி 10 செ.மீ.யில் குறுக்குச் சுவர் எழுப்பினோம். நீந்துபவற்றின் அறையில் நீராழம் 45 செ.மீ.; கணக்கிட்டால் ஏறத்தாழ 1,000 லீற்றர். இரண்டு அறைக்கும் நீர்மட்டம் ஒன்றே என்பதால் மென்னோட்டு ஆமையின் அறையில் தளத்தை உடைகல் நிரப்பி 20 செ.மீ. உயர்த்தினோம்; அதன்மேல் 10 செ.மீ. மணல், அதன்மேல் 15 செ.மீ. நீர். நடுச்சுவர் நீர்மட்டத்துக்கு மேலே 20 செ.மீ. நிற்கிறது, அதன் இருபுறமும் சிறிய தட்டு உண்டு. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நாலங்குலப் பிவிசி குழாய்த் துண்டுகள் இரண்டைச் சுவருக்குள் பதித்து, இரு வாயிலும் தடித்த பிளாஸ்ரிக் வலை கட்டினோம். முதலில் நுண்ணிய கொசுவலை கட்டியிருந்தோம். அது பாசியால் அடைபட்டு ஓர் அறையின் நீர்மட்டம் ஏறி மற்றையது இறங்கியது. ஒரு சென்ரிமீற்றர் கண்ணுள்ள வலைக்கு மாற்றியபின் அந்தப் பிரச்சினை இல்லை.

15 செ.மீ. நீர் என்ற அளவு பிழையாகிவிட்டது. மென்னோட்டு ஆமை மணலில் புதைந்தபடியே கழுத்தை நீட்டினால் மூக்கு நீர்மட்டத்தை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மூச்சுக்காக ஒவ்வொரு முறையும் மணலை விட்டு எழும்ப வேண்டியிருக்கும். எங்களுடையது எழும்பிக்கொண்டே இருந்தது. நீர்மட்டத்தைக் குறைத்தால் பக்கத்து அறையும் குறையும். எனவே மணலைக் கூட்டினோம்: நடுச்சுவர் ஓரத்தில் 10 செ.மீ. ஆகவே விட்டு, எதிர்ச்சுவர் ஓரத்தில் 17 செ.மீ.வரை சரிவாக உயர்த்தினோம். அந்த ஓரத்தில் நீர் 8 செ.மீ. மட்டுமே. அதற்குப் பிறகு பகலின் பெரும்பகுதியில் அங்கே இரண்டு சிறு துளைகளுடன் ஒரு மூக்கு நுனி மட்டும்தான் தெரிகிறது. மணல் ஆற்று மணல், கொசுவலையில் அரித்துக் கழுவியது. கட்டட வேலைக்கு வந்த மணலில் கூர்மையான சிறுகல் இருந்ததால் அதை இங்கே பயன்படுத்தவில்லை. தோலோட்டின் அடிப்பகுதி உராய்ந்து புண்ணாகிவிடும். கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அதைத் தொடவில்லை.

புதுச் சீமெந்து நீரில் காரத்தை ஏற்றும். பூச்சு காய்ந்தபின் தொட்டியை நிரப்பி, வாழைத்தண்டைத் துண்டுகளாக வெட்டிப் போட்டு ஊறவிட்டு, அழுகி நாறியதும் இறைத்து, உரஞ்சிக் கழுவி, மறுபடி நிரப்பினோம். மீன் தொட்டி கட்டும் எவரும் செய்யும் பழைய வேலைதான் இது. காரத்தை அளக்கும் பிஎச் தாள் 8க்குக் கீழே காட்டும்வரை ஆமைகளை இறக்கவில்லை. அவசரப்பட்டால் முதலில் தண்டனை பெறுவது மென்னோட்டு ஆமையின் தோலாகத்தான் இருந்திருக்கும்.

தண்ணீருக்கு வந்தால், கல்லடி வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்றிட்டு. கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் கிணறு இலேசாக உவர்க்கும். அந்தக் காலத்தில் உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய் நீரைக் கலக்கிறோம். குழாய் நீரின் குளோரின் ஆமைகளை உடனடியாகப் பாதிக்காது, ஆனால் வடிகட்டியில் குடியிருக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும். ஆகவே பீப்பாயில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டே ஊற்றுகிறோம்.

வடிகட்டி 200 லீற்றர் நீல பிளாஸ்ரிக் பீப்பாய். மணிக்கு 2,000 லீற்றர் இறைக்கும் 35 வாற்று பம்ப் நீந்துபவற்றின் அறையில், தளம் சற்றுச் சரிந்து அழுக்கு சேரும் மூலையில் கிடக்கிறது. அது அழுக்கு நீரைப் பீப்பாய்க்கு ஏற்ற, வடிந்த நீர் முதலில் மென்னோட்டு ஆமையின் அறையில் விழுந்து, நடுச்சுவர்க் குழாய்கள் வழியாக மற்ற அறைக்குத் திரும்புகிறது. இந்தத் திசையை மாற்றிவிடக் கூடாது. தோலில் பூஞ்சணமும் புண்ணும் எளிதில் பிடிக்கக்கூடிய விலங்குக்கு வடிகட்டிய நீர் முதலில் போக வேண்டும். அதிகம் தின்று அதிகம் கழிப்பவை அந்த வரிசையில் கடைசி. பம்ப் இரவு பகலாக ஓடுவதால் மாதம் சுமார் 25 அலகு மின்சாரம் போகிறது.

பீப்பாய்க்குள் என்ன போடுவது என்பதில் கொஞ்சம் அலைந்தோம். அடியில் சல்லிக்கல், அதன்மேல் தேங்காய்த் தும்பு என்பது முதல் அமைப்பு. தும்பு இங்கே காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளல்ல. ஆனால் நீர் தேயிலைச் சாயமாக மாறியது. சில வாரங்களில் தும்பே இற்று, குழாயில் அடைத்தது. சாயம் ஆமைக்குக் கெடுதல் இல்லையென்றாலும் புண் இருக்கிறதா என்று பார்க்க நீர் தெளிவாக இருந்தாக வேண்டும். பிறகு மீனவர் கழித்துப்போட்ட நைலோன் வலைகளை வாங்கி, உப்புப் போகக் கழுவி, சுருட்டிக் கட்டி அடுக்கினோம். நுண்ணுயிர் படிவதற்கு நிறையப் பரப்பு, இற்றுப்போகாத பொருள், விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரே எச்சரிக்கை, பீப்பாய்க்கு மூடி இருக்க வேண்டும்; வலை இழை ஒன்று தொட்டிக்குள் போனால் கழுத்திலோ காலிலோ சுற்றும். வலைகளைக் கழுவும்போது தொட்டி நீரிலேயே அலசுகிறோம், குழாய் நீரில் அல்ல. அமைத்து ஆறேழு வாரம் சென்றபிறகே நீர் நிலைப்பட்டது. அதுவரை கிழமைக்கு இரண்டு முறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது ஒரு முறை போதும்.

வெயில் காயும் மேடையை ஒன்றாக அமைத்தால் பெண் செங்காது அதை முழுவதும் எடுத்துக்கொள்ளும். ஆகவே பனங்குற்றியைப் பிளந்து இரண்டு மேடைகளை எதிரெதிர் மூலைகளில் வைத்தோம். மேற்பரப்பு முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். ஏறும் பலகையின் சரிவு 30 பாகைக்குக் குறைவாக, பிடிமானத்துக்குக் குறுக்குச் சட்டங்களுடன் இருக்க வேண்டும். ஆணுக்கும் மஞ்சள் வயிற்றுக்கும் இடையில் பார்வை மறைக்க நடுவில் சீமெந்துக் கற்களை நிறுத்தி வைத்தோம். நக ஆட்டம் முற்றாக நிற்கவில்லை. ஆனால் சிறியது இப்போது கற்களுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்கிறது, தீனும் எடுக்கிறது. குளிர்நாட்டு வழிகாட்டிகளில் எழுதியிருக்கும் சூடாக்கியும் விளக்கும் இங்கே வேண்டாம். எதிர்ப்பக்கம்தான் தொல்லை: கச்சான் மாதத்தில் பிற்பகல் நீர் 34 பாகையைத் தொட்டது, அதிலும் ஆழமற்ற மணல் பக்கம் இன்னும் அதிகம். மென்னோட்டு அறை முழுவதற்கும் மற்றதன் பாதிக்கும் மேலாக நிழல் வலை போட்டபின் 31க்கு மேல் ஏறவில்லை. காகத்துக்கும் பூனைக்கும் உடும்புக்கும் பயந்து முழுத் தொட்டிக்கும் மேலே கம்பி வலைக் கதவு உண்டு.

தீன் வேறு, நேரமும் வேறு. நீந்துபவற்றுக்குக் கங்குன், பொன்னாங்காணி ஆகிய கீரைகள் பெரும்பங்கு. ஆமைத் தீன் உருண்டை கிழமையில் சில நாள். மென்னோட்டு ஆமைக்குச் சிறுமீன், பச்சை இறால், நத்தை. கூனிக் கருவாடு கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். உப்பிட்டது என்பதால் நாங்கள் கொடுப்பதில்லை. பிரித்துத் தீன் கொடுக்கத் தொடங்கியபின் அதன் எடை இப்போது 560 கிராம்.

செலவு இவ்வாறு: சீமெந்து 8 பை 17,600 ரூபா, கல் 10,000, மணலும் சல்லியும் 14,000, மேசன் கூலி 24,000, நீர் கசியாப் பூச்சு 4,400, பீப்பாய் 6,000, பம்ப் 7,500, குழாயும் வால்வும் 6,500, வலைகள் 5,000. மொத்தம் 95,000 ரூபா. ஆமை சிறிதாக இருக்கும்போது கையளவுப் பெட்டியில் விற்கப்படுகிறது. பெண் செங்காது 30 செ.மீ.வரை வளரும், பல பத்து ஆண்டுகள் வாழும். அந்தப் பெட்டியை வாங்குகிறவர்களிடம் இந்தத் தொகையை யாரும் சொல்வதில்லை.

தொட்டி கட்டியதிலிருந்து வளவுக்கு விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். மழை பெய்து வீதியில் ஏறிய பாலாமை ஒன்றை அயல்வீட்டு மாமி வாளியில் கொண்டுவந்து, “இதுவும் ஓடு மெத்தென்ற சாதிதானே மகன், இதையும் போட்டு வளருங்க” என்றார். பாலாமையும் கறுப்பு ஆமையும் நம் நாட்டு நன்னீர் ஆமைகள். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை, பிடித்து வைத்திருப்பது குற்றம். சட்டத்தை விட்டாலும், வெளிநாட்டு ஆமைகள் புழங்கிய நீரில் அதை ஒரு மணிநேரம் வைத்திருந்து திரும்ப விட்டாலே அதன்வழி நோய் குளத்துக்குப் போகக்கூடும். மாமியின் வாளியிலிருந்தபடியே அதைப் பிடித்த இடத்துக்கு அருகிலிருந்த நீரோடையில் விட்டுவந்தோம். இதே காரணத்தால் தொட்டி நீரை மாற்றும்போது வடிகாலில் விடுவதில்லை; தென்னையடியில் ஊற்றுகிறோம். வாளி, தூரிகை எல்லாம் தொட்டிக்கென்று தனி. ஆமைகளில் சல்மனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி இருக்கும் என்பதாலேயே நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ளவற்றை விற்பதை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது. பிள்ளைகள் கை வைத்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சோற்றில் தொட விடுவதில்லை.

மறுபடி கட்டுவதானால் மூன்றை மாற்றுவேன். முதலாவது, ஒவ்வோர் அறைக்கும் தனி அடிவால்வு. இப்போது நீந்துபவற்றின் அறையில் மட்டுமே இருக்கிறது; மணல் அறையைச் சுத்தப்படுத்தக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, நடுச்சுவர்க் குழாய்களுக்கு மூடி. ஒன்றுக்கு நோய் வந்தால் பொது நீர் அதை நான்குக்கும் கொண்டுபோகும். அப்போது உடனே அடைக்க வழி வேண்டும். மூன்றாவது முட்டை. பெண் செங்காது சில காலமாக மேடையின் பலகையைப் பின்காலால் சுரண்டுகிறது. தோண்ட நிலம் கிடைக்காத பெண் முட்டையை உள்ளேயே தாங்கி நோயுறும். ஆகவே தொட்டியின் வெளிப்புறம் ஒட்டி 60க்கு 60 செ.மீ. அளவில், 30 செ.மீ. ஆழத்துக்கு ஈரமண்ணும் மணலும் கலந்த பெட்டி ஒன்றைக் கட்டி, நீந்துபவற்றின் அறைச் சுவரை உடைத்து ஏறுபலகை வைக்க வேண்டும். செங்காதும் மஞ்சள் வயிறும் கலந்து இனம்பெருகக் கூடியவை. இடும் முட்டைகளைப் பொரிக்க விடாமல் எடுத்து அழித்துவிடுவதாக முடிவுசெய்திருக்கிறோம். இதற்குக் கல்லும் ஒரு பை சீமெந்தும் வாங்கி வைத்தாயிற்று. மேசனுக்கு அடுத்த போயா (முழுநிலவு விடுமுறை) நாளில்தான் நேரமாம்.